மினாமோவின் மூச்சு

சிவப்பு விளக்கு இன்னும் எரியவில்லை, எரியாத வரைக்கும் இந்த டப்பிங் அறை தன்னுடையது என்று விண்ணரசிக்கு இருந்தது. கனத்த கதவு சாத்திக்கொண்டதும் சாலிகிராமத்து ஆட்டோ ஹாரனும் எதிர்வீட்டுக் குக்கர் விசிலும் கத்தரித்தாற்போல நின்றுபோய்விடும், அப்புறம் ஓர் அமைதி வந்து உட்காரும், சுவரெல்லாம் ஒட்டிய சாம்பல் நிறப் பஞ்சு, தாள் வைக்கிற ஸ்டாண்டு, மூக்குக்கு முன்னால் மைக், அதற்குமுன் கறுப்பு வலைத்துணி, இவற்றுக்கு நடுவே நிற்பது அவளுக்குப் பிடிக்கும், யாரும் பார்க்காத இடம், பார்த்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்துதான், தொட்டி மீனைப் பார்ப்பதுபோல, மீன் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. வளையலைக் கழற்றிப் பைக்குள் போட்டாயிற்று, துப்பட்டாவை மடித்து நாற்காலியில் வைத்தாயிற்று, இட்லியும் சாப்பிட்டாயிற்று, இல்லாவிட்டால் சரியாக யாராவது உயிரை விடுகிற காட்சியில் வயிறு பேசும், மைக் அதையும் பிடித்துக்கொள்ளும், போன மாதம் அப்படி ஒன்றைப் பிடித்து, ஒலிப்பதிவு செய்கிற இம்ரான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டினான், 'யாரோட பசி இது, பேர் போடணும்ல' என்று. இன்றைக்கு வயிறு அமைதியாக இருந்தது, நெஞ்சுதான் என்னவோ செய்தது, அது பயமா என்று யோசித்தாள், பயம் என்றால் கை வியர்க்கும், கை வியர்க்கவில்லை, வியர்த்துவிடுமோ என்று பார்க்கப் பார்க்க வியர்த்தது. இன்றைக்கு மினாமோ, விண்ணரசி குரல் கொடுக்கிற கார்ட்டூன் பெண், பேசப்போகிறாள். ஒரு பெரிய வசனம், அதுவும் கத்திச் சொல்ல வேண்டியது. அதைச் சரியாகச் செய்தால் இனி மினாமோ விண்ணரசியின் பெண், செய்யாவிட்டால் இன்றோடு வைஜயந்தி அக்காவின் பெண், டப்பிங்கை நடத்துகிற பாலகுரு சார் நேற்றே போனில் அதைச் சொல்லிவிட்டார், கோபமாகக்கூட இல்லை, கேபிள்காரர் நாளைக்கு லைன் இருக்காது என்று சொல்வதுபோல. 'சேனல்ல பவர் வேணுங்கறாங்கம்மா. நீ ஒரு தடவை ட்ரை பண்ணு, வரலன்னா வைஜயந்தி எப்படியும் அவ போர்ஷனுக்கு வர்றா, இதையும் சேர்த்து முடிச்சிருவா.' சரி சார் என்றாள் அவள். சரி சார் என்பதைத் தவிர வேறு எதையும் அவள் பாலகுரு சாரிடம் சொன்னதாக ஞாபகமில்லை.

தப்பு யாருடையது என்று கேட்டால் யாருடையதும் இல்லை, எல்லாருடையதும்தான். 'மழை தேவதைகள்' ஜப்பானிலிருந்து மொத்தமாக வருவதில்லை, நாலு நாலு எபிசோடாக வரும், வந்த நாலைப் பார்த்துத்தான் யாருக்கு எந்தக் குரல் என்று முடிவு செய்வார்கள், முதல் நாலில் கடலோர ஊர் ஒன்று, அதில் ஒரு பள்ளிக்கூடம், குடையை விரித்தால் தேவதையாக மாறுகிற மூன்று பெண்கள், அவர்களில் தலைவி நட்சுமி, சிவப்புக் குடைக்காரி, அவளுக்கு வைஜயந்தி அக்கா, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், முடி கண்ணில் விழும், யாராவது கூப்பிட்டால் 'ம்' என்பாள், யாராவது இடித்தால் 'ஆ' என்பாள், அவ்வளவுதான், இம்ரான் தாளைப் பார்த்துவிட்டு 'இந்தப் பொண்ணுக்கு டயலாக்கே இல்ல சார், கும்பலோட சேர்த்து விண்ணுகிட்ட குடுத்துரலாம்' என்றான், அப்படிக் கிடைத்தவள்தான் மினாமோ. கும்பல் விண்ணரசியின் வேலை. சந்தைக் கூச்சல், பள்ளி மணி அடித்ததும் எழுகிற இரைச்சல், மாடியிலிருந்து விழுகிறவளின் வீல், ஓடுகிறவளின் இரைப்பு, விம்மல், விக்கல், தூக்கத்தில் புரளும்போது வருகிற முனகல், பெரிய பெரிய நடிகைகளுக்கு வசனம் பேச வருகிறவர்கள் அந்தச் சில்லறைக்கெல்லாம் நிற்க மாட்டார்கள், தொண்டை போய்விடும், இவளைக் கூப்பிடுவார்கள், இவள் வந்து படத்திலிருக்கும் பெண்ணின் தோளைப் பார்ப்பாள், வாயைப் பார்க்க மாட்டாள், தோள் ஏறினால் மூச்சு உள்ளே, தோள் இறங்கினால் வெளியே, அதோடு சேர்ந்து இவளும் ஏறி இறங்குவாள். இன்று காலையில் தூத்துக்குடியிலிருந்து அம்மா கேட்டாள், 'ஏட்டி, இன்னைக்காவது வாயத் தொறந்து பேசுவியா, இல்ல இன்னைக்கும் மூச்சுதானா?' 'தெரியலம்மா.' 'மூச்சு விடுததுக்கா கூப்பிட்டு வேலை குடுக்கான்? இங்க ஊரே சும்மால்லா விட்டுக்கிட்டிருக்கு.' சிரித்துவிட்டாள், இப்போதும் நினைத்தால் சிரிப்பு வந்தது, உதட்டை மடித்துக்கொண்டாள், மைக் திறந்திருக்கிறதோ என்னவோ. அம்மாவுக்குச் சொல்லத் தெரியவில்லை, இந்த வேலையில் தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று, கோயில் பாடகர் குழுவில் ஆறாம் வகுப்பிலிருந்து நின்றவள் அவள், கிறிஸ்துமஸ் பாட்டுக்கெல்லாம் வாயை மட்டும் அழகாக அசைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், பக்கத்தில் நின்ற ஜெசிந்தாளின் குரலே போதும் இரண்டு பேருக்கு, யாருக்கும் தெரியாது, பாதிரியார்கூட ஒருமுறை தலையைத் தடவி 'நல்லாப் பாடின' என்றார். அங்கே குரல் இல்லாத வாய், இங்கே வாய் இல்லாத குரல், கணக்கு நேராகிவிட்டது, போதும். ஆனால் போன வாரம் வந்த நாலில் முதலாவதைப் போட்டுப் பார்த்தபோது எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், இருபத்தைந்தாவது எபிசோட், வறட்சி ராணி கடலையே குடித்துவிட்டாள், மூன்று தேவதைகளும் மணலில் கிடக்கிறார்கள், நட்சுமியின் சிவப்புக் குடை கம்பி கம்பியாக முறிந்து கிடக்கிறது, அப்போது ஜன்னலோரத்துப் பெண் மெதுவாக நடந்து வருகிறாள், கையில் பள்ளிக்கூடத்துச் சாம்பல் நிறக் குடை, இவ்வளவு நாளும் யார் கேட்டாலும் கொடுத்துவிட்டுத் தான் நனைந்துகொண்டு போவாளே அந்தக் குடை. பாலகுரு சார் தலையில் கை வைத்துக்கொண்டார். 'அடப்பாவி, இவதான் ஹீரோயினா? இத்தனை நாள் எவன்டா இவளைக் கும்பல்ல போட்டது?' இம்ரான் மேசைக்குக் கீழே எதையோ தேடினான்.

விளக்கு எரிந்தது. ஹெட்போனுக்குள் முதலில் ஜப்பானியப் பெண்ணின் குரல் வரும், அசல், அதைக் கேட்டுக்கொண்டே தமிழில் சொல்ல வேண்டும், ஆளுக்கொரு நேரம் வந்து அவரவர் பங்கைத் தனியாகப் பேசிவிட்டுப் போவதுதான் இங்கே வழக்கம், நட்சுமியோடு இத்தனை நாள் ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தும் மினாமோ அவளிடம் பேசியது கிடையாது. தாளில் வசனம் இருந்தது, எழுதியவர் பக்திப் படங்களுக்கு எழுதிக்கொண்டிருந்தவர், எல்லாரும் புலவர் என்பார்கள், மாவு மில் பற்றி எழுதச் சொன்னாலும் அவருக்கு வானம் வந்துவிடும். வானத்து நீரே, என் மௌனமே, மழையாகப் பொழிக. நேற்றிரவு அறைத்தோழி தூங்கியபிறகு தலையணைக்குள் வாயை வைத்துச் சொல்லிப் பார்த்தாள், பொழிகவில் நாக்கு மடிந்து நின்றது, பொழிக என்று யாரிடம் யார் சொல்வார்கள், ஒரு பெண் தன் மௌனத்திடம் சொல்கிறாள் என்றால் அதைக் கத்துவாளா, ஆனால் கத்தத்தான் வேண்டும், பவர். 'ரெடியாம்மா?' தலையாட்டினாள். பீப், பீப், பீப், மினாமோ நிற்கிறாள், காற்றில் முடி பறக்கிறது, இவள் தோளை உயர்த்தி மூச்சை நிரப்பிக்கொண்டு 'வானத்து நீரே' என்று கத்தினாள், குரல் மேலே போகிறது போகிறது என்று நினைக்கும்போதே எங்கோ ஓர் இடத்தில் கிழிந்தது, பழைய ஜாக்கெட் அக்குளில் கிழிகிற மாதிரி, மௌனமே என்பது மவ்ன என்று முடிந்தது. 'இன்னொண்ணு போலாம்,' என்றார் பாலகுரு சார். 'தொண்டைலேர்ந்து கத்தாதம்மா, வயித்துலேர்ந்து. பஸ் போயிடுச்சுன்னா எப்படிக் கத்துவ?' பஸ் போய்விட்டால் அவள் கத்த மாட்டாள், அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள், இதை எப்படிச் சொல்வது. மறுபடி பீப், மறுபடி வானத்து நீரே, இம்முறை கிழியவில்லை, ஆனால் காய்கறி விற்கிற மாதிரி இருந்தது, அவளுக்கே தெரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இம்ரான் காதை நிமிண்டிக்கொண்டான், கல்லூரியில் செமினாருக்கு எழுந்து நின்றபோது முதல் வரிசையில் ஒருத்தி இப்படித்தான் காதை நிமிண்டினாள், அதைப் பார்த்ததும் எழுதிவைத்திருந்த மூன்று பக்கமும் மறந்து, தேங்க்யூ என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள், மொத்த வகுப்பும் கைதட்டியது, அந்தக் கைதட்டலைப்போல ஒரு கைதட்டலை வாழ்நாளில் இன்னொருமுறை கேட்கக் கூடாது. மூன்றாவது, நான்காவது. பஞ்சுச் சுவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது, அதற்கு நல்ல குரல் கெட்ட குரல் தெரியாது, அதுதான் அதனிடம் பிடித்தது.

கதவு திறந்தது, மல்லிகை வாசமும் வெளிச்சமும் ஏலக்காய் மணமும் ஒன்றாக உள்ளே வந்தன, கூடவே வைஜயந்தி அக்கா. 'என்னடி விண்ணு, வெளிய ஸ்பீக்கர்ல கேக்குது, யாரை அடிக்கிறாங்கன்னு ஓடி வரேன்.' வைஜயந்தி அக்காவுக்கு இவள்மேல் வன்மம் எதுவும் இல்லை, அதுதான் கஷ்டம், இருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம், தலைவலிக்கு மாத்திரை கொடுப்பவள், விழா நாட்களில் புளியோதரை கொண்டுவருபவள், இரண்டு மொழியில் நாலு நடிகைகளுக்கு அவள்தான் குரல், இன்றைக்கும் வாயில் ஏலக்காயை ஒதுக்கிக்கொண்டு தாளை எட்டிப் பார்த்தாள். 'புலவர் பொழிஞ்சிருக்காரு.' பாலகுரு சாரின் குரல் மேலேயிருந்து வந்தது, மேலேயிருந்து வருவதுபோலத்தான் அந்த ஸ்பீக்கரை மாட்டியிருக்கிறார்கள், 'வைஜயந்தி, ஒருதரம் சொல்லிப் பாத்துரு. விண்ணு, நீ போய் டீ குடிம்மா. பரவால்ல, ட்ரை பண்ணல்ல, அது போதும்.' சரி சார். ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் விட்டாள், உடம்பெல்லாம் இளகியது, காய்ச்சல் விட்ட மாதிரி, எவ்வளவு சுகம், இனி டீ, கூடவே ஒரு வடை, மாலையில் கும்பல் இருக்கிறது, ஏதோ தெலுங்குப் படத்தில் திருவிழாக் காட்சி, நாலு பேரோடு நின்று ஓவென்று கத்தலாம், நாலு பேரோடு என்றால் அவள் நன்றாகவே கத்துவாள், வாழ்க்கை எப்போதும்போல இருக்கும், அது நல்ல வாழ்க்கைதான், யாரும் காதை நிமிண்டாத வாழ்க்கை. துப்பட்டாவை எடுக்கக் கை நீட்டினாள். வைஜயந்தி அக்கா மைக்குக்கு முன்னால் வந்து நின்று, ஏலக்காயைத் துப்பி, காலை அகட்டி, தோளை உயர்த்தி, ஹா என்று ஒரு பெரிய மூச்சை இழுத்தாள், அறையில் இருந்த காற்றெல்லாம் அவளுக்குள் போய்விட்டது, பிறகு வானத்து நீரே என்றாள், அதில் ஒரு பிசிறு இல்லை, வெண்கலப் பானையில் அடித்த மாதிரி, என் மௌனமே என்றாள், மழையாகப் பொழிக என்றாள், இம்ரான் கட்டைவிரலை உயர்த்தினான், விண்ணரசிக்கும் புல்லரித்தது, உண்மையாகவே, அழகாக இருந்தது, ஆனால் யாரோ சொன்னதுபோல இருந்தது, நட்சுமி சொன்னதுபோல. கழுத்தில் தொங்கிய ஹெட்போனில் ஜப்பானியப் பெண் கொசு மாதிரி முனகிக்கொண்டிருந்தாள், திரையில் மினாமோ நின்றாள், விண்ணரசி பழக்கத்தில் தோளைப் பார்த்தாள்.

தோள் ஏறவில்லை. அக்கா ஹா என்று இழுத்த இடத்தில் அந்தத் தோள் சும்மா கிடந்தது, சும்மாகூட இல்லை, இறங்கிக்கொண்டிருந்தது, அதற்கு முந்தைய ஷாட்டிலேயே, மணலில் கிடக்கிற நட்சுமியைக் குனிந்து பார்க்கிறாளே அங்கேயே மூச்சை எடுத்தாயிற்று, நிமிரும்போது விட ஆரம்பித்துவிட்டாள், விடுகிற அந்த மூச்சிலேயே சொல்கிறாள், வெகுநேரம் குடத்தைச் சுமந்து வந்தவள் இறக்கி வைக்கும்போது அப்பாடா என்பதுபோல. நாலு முறை கத்தியபோதும் இதைப் பார்க்கவே இல்லை, தாளைப் பார்த்தாள், காதை நிமிண்டிய விரலைப் பார்த்தாள், தோளை விட்டுவிட்டாள், தோளைப் பார்ப்பதுதானே அவள் வேலை, இத்தனை எபிசோடும் அந்தப் பெண்ணுக்கு மூச்சு விட்டவள் யார், இடித்தபோது ஆ என்றவள் யார், மழையில் நனைந்து வீட்டுக்குப் போய்த் தும்மியவள் யார், அந்தத் தும்மலுக்கு மூன்று டேக் வாங்கினார்களே. வடை வேண்டாம் என்று இருந்தது. டீயும் வேண்டாம். வேறு என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டாள், கேட்டதும் கன்னம் சூடாகிவிட்டது, அவ்வளவு வெளிப்படையாக எதையும் அவள் வேண்டியது கிடையாது, கோயிலில்கூட எல்லாரையும் நல்லா வை என்று பொதுவாகத்தான் வேண்டிக்கொள்வாள், 'விளக்கு போட்டுரு இம்ரான், டேக்கே போயிரலாம்' என்றார் பாலகுரு சார், விளக்கு எரியப்போகிறது, எரிந்தால் பேசக் கூடாது, எரிந்தபின் பேசுகிறவளை இந்தத் தெருவில் எந்த ஸ்டூடியோவிலும் சேர்க்க மாட்டார்கள். 'அவ மூச்சு எடுக்கல' என்று யாரோ சொன்னார்கள். தான்தான். வைஜயந்தி அக்கா திரும்பினாள். 'என்னடி?' 'அவ மூச்சு எடுக்கலக்கா. விடறா. விட்டுக்கிட்டே சொல்றா.' மேலேயிருந்து சிரிப்பு வந்தது. 'பொம்மைப் படத்துல மூச்சு ஏதும்மா?' 'இருக்கு சார். முன்னாடி ஷாட்லேர்ந்து போடுங்க. குனியறப்ப எடுத்துட்டா. அவ கத்தல சார். அசல்லயும் கத்தல, நாமதான் தாளைப் பாத்து...' இவ்வளவு நீளமாக இந்த அறையில் தன் சொந்த வார்த்தையை அவள் பேசியதில்லை, பாதியில் விட்டால் செமினார் ஆகிவிடும் என்று தோன்றியதால் விடாமல் சொன்னாள். 'எனக்குக் குடுங்க சார். இதை நான் பண்ணணும். எனக்கு வேணும்.'

வெட்கமாக இருந்தது, பிச்சை கேட்டது போலவும் இருந்தது, அப்படி ஒன்றும் செத்துப்போய்விடவில்லை என்றும் இருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படம் பின்னால் ஓடி நின்றது, குனிகிறாள், தோள் ஏறுகிறது, நிமிர்கிறாள், தோள் இறங்குகிறது, மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள், பாலகுரு சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'மெதுவாச் சொன்னா சேனல்ல ஒத்துக்க மாட்டாங்களே,' என்றார், அது இவளிடம் சொன்னது இல்லை, தனக்கே சொல்லிக்கொண்டது. வைஜயந்தி அக்கா வெளியே போகவில்லை, நாற்காலியில் கிடந்த துப்பட்டாவை மடியில் போட்டுக்கொண்டு சரசரக்காமல் உட்கார்ந்துகொண்டாள். 'குடுங்க சார். எனக்கும் தொண்டை மிச்சம்.' 'ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. போம்மா,' என்றார் பாலகுரு சார். பீப், பீப், பீப். விண்ணரசி தாளைப் பார்க்கவில்லை. மணலில் நட்சுமி கிடந்தாள், குனிந்தபோது மூச்சு தானாக உள்ளே வந்தது, குடைக்கம்பிகள் முறிந்து கிடந்தன, பாவம் என்று இருந்தது, நிமிர்ந்தாள், விட்டாள், வானத்து நீரே என்பது அந்த மூச்சிலேயே மிதந்து போயிற்று, என் மௌனமே என்றபோது அது வசனமாக இல்லை, பக்கத்தில் இருக்கிற ஒருத்தியைக் கூப்பிடுவதுபோல இருந்தது, வா, போகலாம், நேரமாகிவிட்டது, மழையாக என்றபோது மூச்சு தீர்ந்துகொண்டிருந்தது, பொழிகவுக்கு மிச்சமே இல்லை, அடியில் கிடந்ததை வழித்து எடுத்துச் சொன்னாள், சொன்னாளா, அது குரலா காற்றா என்று அவளுக்கே தெரியவில்லை, திரையில் சாம்பல் குடை விரிந்தது, உள்பக்கம் முழுக்க நீலம், முதல் துளி மணலில் விழுந்தது.

விளக்கு அணைந்தது. கேட்கவில்லை, கடைசிச் சொல் கேட்டிருக்காது, போயிற்று, என்று நின்றாள், ஆச்சரியம் என்னவென்றால் போனாலும் போகட்டும் என்று ஒரு மூலையில் நிறைவாக இருந்தது, சொன்னது சொன்னதுதான், அது அந்தப் பெண்ணுக்குத் தெரியும். இம்ரான்தான் முதலில் பேசினான். 'சார், கடைசி வார்த்தை லெவலே இல்ல.' 'ஏத்திக்க,' என்றார் பாலகுரு சார். 'அதுக்குத்தானே உன்னை வெச்சிருக்கு.' தாளைப் புரட்டிவிட்டு, 'சேனல்ல நான் சொல்லிக்கறேன். அடுத்தது வைஜயந்தி. நட்சுமி போர்ஷன்.' அவ்வளவுதான், பிரமாதம் என்றோ பரவாயில்லை என்றோ எதுவும் இல்லை, அடுத்தது என்றுவிட்டார், அடுத்தது என்றால் இது முடிந்தது, முடிந்தது என்றால் அவளுடையது. வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இம்ரானின் பின்னால் நின்றாள். உள்ளே வைஜயந்தி அக்கா ஹெட்போனை மாட்டிக்கொண்டாள், நட்சுமி மணலிலிருந்து தலையைத் தூக்கி, 'மினாமோ, நீயா?' என்று கேட்க வேண்டும், இரண்டே சொல், அக்காவுக்கு அது வெற்றிலை போடுகிற நேரம், அசல் ஒருமுறை ஓடியது, பேசாமல் கையைக் காட்டி நிறுத்தினாள். 'இம்ரான், இந்த ஜப்பான்காரி வேணாம். இப்ப விண்ணு சொன்னதைப் போடு என் காதுல.' 'எதுக்குக்கா? உங்க போர்ஷன் தனிதானே?' 'போடுடான்னா. அவளுக்குத்தானே நான் பதில் சொல்றேன்.' இம்ரான் போட்டான். அறையில் எதுவும் கேட்கவில்லை, அக்காவின் காதுக்குள் மட்டும் விண்ணரசி பேசிக்கொண்டிருந்தாள், அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள், பிறகு தன் வழக்கமான வெண்கலக் குரலில் 'மினாமோ!' என்று தொடங்கிவிட்டுப் பாதியிலேயே நாக்கைக் கடித்துக்கொண்டாள். 'இருங்க சார், இன்னொண்ணு. அவ இவ்வளவு பக்கத்துல நிக்கிறா, நான் எதுக்குக் கத்தறேன்?'